தொட்டியில் விளைந்த கடலை

ஆலங்குடிக்குத் தெற்கே எங்கள் கடலைக் காட்டில் இப்போது தைலமரம் நிற்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகு விவசாயம் பார்க்க ஆளில்லை. மரக்கன்று வைப்பதற்கு முன்னால் அந்தச் செம்மண்ணில் ஒரு சாக்கு அள்ளி, நான் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் ஆய்வகத்துக்கு பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

என் வேலை வேர் பாக்டீரியாக்களோடு. கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் குருணை குருணையாக முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகக் கொடுக்கும். மழை தள்ளிப்போனால் மட்டும் செடிக்கு முன்னால் அது சோர்ந்துவிடும். எங்கள் காட்டுக் கடலையின் வேரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து, மரபணுவில் ஓரிடத்தை வெட்டி, வேறொன்றைச் சேர்த்து, வறட்சியிலும் வேலை வாங்கப் பார்த்தோம். படாத பாடு படுத்திவிட்டுத்தான் வழிக்கு வந்தது.

ஊர் மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி, அந்த பாக்டீரியாவைச் சேர்த்து விதை ஊன்றினேன். தண்ணீரைக் குறைத்தும் இலை வெளுக்கவில்லை. அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"காய் புடிச்சிருச்சாத்தா? ஊருக்கு வாரப்ப ஒரு கைப்பிடி கொண்டா. நம்ம மண்ணுக் கடலை, வாயில போட்டுப் பாக்கணும்."

"பாப்பம்ப்பா" என்றேன். முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மரபணு மாற்றிய பாக்டீரியா தொட்ட மண், வேர், காய் எதுவும் ஆய்வகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் வேகவைத்துவிட வேண்டும். ஆளுயர பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் கலந்த கிருமியைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பதால் விதி நியாயமானதுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை ஒப்பிப்பதே நான்தான். அன்றைக்கு அதே விதியின் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

காய் ஆய்ந்து, எடை போட்டு, எல்லாவற்றையும் பையில் கட்டி ஆட்டோகிளேவுக்குள் வைத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் வராந்தா முழுக்க அவித்த கடலை வாசம்.

"யாருங்க கடலை கொண்டுவந்தது, எங்களுக்குக் கிடையாதா?" என்று பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

எனக்கு வாயும் ஊறியது, கண்ணும் கலங்கியது. ஒரே ஒரு காய் தின்றால் போதும் என்று இருந்தது. அந்தக் காடு இனிமேல் கடலை பார்க்கப்போவதில்லை. பை ஆறியதும் கழிவுத் தொட்டியில் போட்டேன்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "ஆஞ்சாச்சா?"

"ஆஞ்சாச்சுப்பா. ஆனா வெளிய கொண்டாரக் கூடாது. அம்புட்டையும் அவிச்சுக் குப்பையில போட்டாச்சு."

அப்பா கேட்டார்.

"அவிக்கிறப்ப உப்புப் போட்டியாத்தா?"