தாழ்ப்பாளும் இருபது மரக்கன்றும்

தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துவது என்பது மற்ற வேலையெல்லாம் முடிந்தபின் மிச்சமிருக்கும் நேரத்தில் செய்கிற வேலை. இதைப் படிக்கும் டீச்சர்களுக்கும் சார்களுக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலக்கோடு பக்கம், இரண்டே பேர் வேலை பார்க்கும் பள்ளி எங்களுடையது. சென்ற ஆண்டு இரண்டாம் பருவத்தில் குழந்தைகளின் நலத்தையும் பள்ளியின் பசுமையையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தலைமையாசிரியர் பசுமையை வைத்துக்கொண்டு நலத்தை என்னிடம் கொடுத்தார். ஒரே வாரத்தில் பசுமையும் என் மேசைக்கு வந்துவிட்டது.

பயந்த முகம்

முதல் வேலையாகச் சுவரில் நான்கு முகங்களை வரைந்து ஒட்டினேன். சிரிப்பு, அழுகை, கோபம், பயம். காலையில் வந்ததும் அவரவர் பெயர்ச் சீட்டை ஏதாவது ஒரு முகத்துக்குக் கீழே செருக வேண்டும். எல்லாரும் சிரிப்பிலேயே செருகினார்கள். மூன்றாம் வகுப்பு கீர்த்தனா மட்டும் தொடர்ந்து நான்கு நாள் பயத்தில் செருகினாள்.

கணக்குப் பாடத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துத்தான் தனியாகக் கூப்பிட்டேன். "பாத்ரூம் கதவுல தாழ்ப்பா இல்லீங்க டீச்சர். யாராச்சும் தொறந்துருவாங்க" என்றாள். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லையாம். கொண்டுவரும் பாட்டில் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. மற்ற பெண் பிள்ளைகளையும் விசாரித்தேன். பாதிப் பேர் இப்படித்தான். ஆறு வருஷமாகப் பூட்டும் சாவியும் உள்ள ஆசிரியர் கழிப்பறைக்குப் போய்வருகிறவள் நான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் பட்டறையைச் சாத்திவிட்டு வந்து, இரண்டு கதவுக்கும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். கீர்த்தனா உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தாள், திறந்தாள், மறுபடி போட்டாள். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்டாள்: "இனிமே தண்ணி குடிக்கலாங்களா டீச்சர்?"

மல்லம்மா கன்று

புங்கனும் வேம்பும் நெல்லியுமாக இருபது கன்று வைத்தோம். பத்தே நாளில் ஏழு காணோம். சுற்றுச்சுவர் இடிந்த இடத்தின் வழியாக எதிர் வீட்டு மல்லம்மாவின் ஆடுகள் வந்து போயிருந்தன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். "ஆடு மேயத்தாங்க வரும், படிக்கவா வரும்?" என்று கேட்டுவிட்டு அந்தம்மா உள்ளே போய்விட்டார்.

மீதிக் கன்றுகளுக்கு ஆளுக்கொரு பெயர் எழுதிக் கட்டச் சொன்னேன். எல்லாரும் தங்கள் பெயரையே கட்டினார்கள். சுவர் இடிந்த இடத்துக்குப் பக்கத்துக் கன்றுக்கு மட்டும் நாலாம் வகுப்பு சரண்யா 'மல்லம்மா' என்று எழுதிக் கட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்களுக்குன்னு ஒரு கன்னும் இல்லீங்கள்ல" என்றாள். யாரோ இதைப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் நான் பள்ளிக்குள் நுழையும்போது அந்தம்மா இடிந்த இடத்தை முள் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கீறல். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "எம் பேரு போட்ட கன்ன என் ஆடே தின்னா நல்லாவாங்க இருக்கும்?"

இட்லிப் பொட்டலம்

பிளாஸ்டிக் பை பள்ளிக்குள் வரக்கூடாது என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் முழங்கிய மறுநாள், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நானே கடை இட்லியையும் சாம்பாரையும் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்கினேன். வாசலில் மொத்த இரண்டாம் வகுப்பும் நின்றது. எல்லார் கண்ணும் சாம்பார் மேல்தான். ஒரு குட்டிப்பெண் முன்னால் வந்து, நான் தினமும் அவளிடம் பேசுகிற அதே குரலில் சமாதானம் சொன்னாள்: "பரவால்லைங்க டீச்சர். நாளைக்கு மறக்காம டப்பா எடுத்துட்டு வாங்க."

கண்ணை மூடு

மதியம் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி அமைதியாக உட்கார வேண்டும் என்பதும் உத்தரவில் இருந்தது. ஒரு நாள் நந்தினி என்ற பிள்ளை மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை, அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். தக்காளிப் பறிப்புக் காலம். அம்மா அப்பாவோடு விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளை. என் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்து நின்றார். எழுப்பலாம் என்று குனிந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார், விஷயத்தைக் கேட்டார், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து மற்ற பிள்ளைகளின் நோட்டுகளைச் சத்தமில்லாமல் புரட்டினார். கிளம்பும்போது என் காதருகே சொன்னார்: "இந்தப் பாப்பாவோட நோட்டை அடுத்த தடவை பாத்துக்கறேன், தூங்கட்டும்."

குழந்தைகளின் நலத்தைக் கவனிக்கச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு வந்தது, ஆனால் பருவம் முடிந்தபோது நன்றாகத் தேறியிருந்தது என்னமோ டீச்சர்தான்.