தங்கம் வைக்கக் கூடாத பெயர்

இதைக் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம் என்று வாசகர்களை முதலிலேயே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவர் வாயிலிருந்தே கேட்டு, அவருடைய அனுமதியும் பெற்று எழுதுகிறேன். இரவில் அல்ல, பட்டப்பகலில் நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று நம்பியிருந்த எனக்கு அந்த ஆறுதலும் இப்போது இல்லை.

குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மூன்று பக்கமும் சம்பா வயல். சகாயராஜுக்குத் தொழில், கல்லில் வெட்டிய எழுத்துகளுக்குத் தங்க ரேக்கு வைப்பது. ரேக்கு என்பது மூச்சுப் பட்டாலே சுருண்டு பறந்துவிடும் அளவுக்கு மெல்லிதாகத் தட்டிய தங்கத்தாள். முதலில் எழுத்துப் பள்ளத்தில் வார்னிஷ் தடவ வேண்டும். அது பாதி காய்ந்து, விரல் முட்டியால் தொட்டால் ‘டிக்’ என்று விடும் பதத்துக்கு வர வேண்டும். அப்போதுதான் தங்கம் பிடிக்கும். வார்னிஷ் இல்லாத இடத்தில் தங்கம் நிற்கவே நிற்காது. ஊதினால் போய்விடும்.

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாள் நெருங்கியபோது, தம் அக்காள் கணவர் ஜேசுராஜின் கல்லுக்குத் தங்கம் வைக்க அவர் போனார். கருங்கல். இடப்பக்கம் ஜேசுராஜ் என்று வெட்டியிருந்தது. வலப்பக்கம் அக்னஸ். அக்காள் அக்னஸ் உயிரோடுதான் இருந்தார். எழுத்து ஒரே கையாக அமைய வேண்டுமென்று, கணவன் மனைவி இருவர் பெயரையும் ஒரே நாளில் வெட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். ஆனால் உயிரோடிருப்பவர் பெயருக்குத் தங்கம் வைக்க மாட்டார்கள். அவர் காலமும் முடிந்த பிறகுதான் வைப்பார்கள். அதுவரை அந்தப் பள்ளம் சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடக்கும்.

தாயில்லாத சகாயராஜை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அக்காள். அவரை விட்டால் சகாயராஜுக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. ஆகவே ஒரு சொட்டு வார்னிஷும் அந்தப் பெயரில் தெறித்துவிடக் கூடாதென்று, வலப்பக்கத்தை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டினார். காற்றுக்கு மறைப்பாகத் தார்ப்பாயையும் கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

ஒரு மணிக்கு அக்காளே சோற்றுத் தூக்கோடு வந்தார்.

“ஏன்டா, எம் பேரை இப்படிப் போர்த்தி வச்சிருக்க? குளிருதாமா அதுக்கு?”

“தெறிச்சிடும்க்கா.”

“தெறிச்சாத் தெறிக்கட்டும். உம் மாமா மட்டும் மினுக்கிக்கிட்டு இருப்பாரு, நான் பக்கத்துல கரிச்சட்டி மாதிரி உக்காந்திருக்கணுமா? கல்யாண போட்டோலயும் இதே கதைதான்.”

“வாயைக் கழுவுக்கா முதல்ல.”

“போடா பயந்தாங்கொள்ளி. மீன் குழம்பு. முள்ளைப் பாத்துத் தின்னு.”

சிரித்துக்கொண்டே வரப்பில் ஏறிப் போனார். நல்ல நடை. ஒரு நோய் நொடி கிடையாது அவருக்கு.

வார்னிஷ் பதத்துக்கு வந்ததும் சகாயராஜ் ரேக்கை எடுத்தார். எடுத்த ஒவ்வொரு தாளும் வலப்பக்கமாகவே சாய்ந்தது. காற்றோ வலப்பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. எதிர்க்காற்றில் ரேக்கு எப்படிச் சாயும்? அப்போது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டரை மணிக்கு மாமாவின் பெயர் முடிந்தது. உதிர்ந்த தூளைப் பிரஷால் தட்டிவிட்டு, துணியை அவிழ்த்தார்.

முதல் எழுத்து பொன்னாக இருந்தது.

‘அ’.

தூள் பறந்து படிந்திருக்கும் என்று நினைத்தார். ஊதினார். போகவில்லை. முகர்ந்து பார்த்தார். வார்னிஷ் வாடை இல்லை. துணியைப் புரட்டினார். அதில் ஒரு பொன் துகள்கூட ஒட்டியிருக்கவில்லை. எழுத்தின் ஓரம் அவ்வளவு சுத்தம். ஒரு சுருக்கம் இல்லை. முப்பது ஆண்டுத் தொழிலில் அவரே அப்படி வைத்ததில்லை.

விரலை வைத்தார். கல் குளிர்ந்திருந்தது. தங்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது...

பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டினார். கிர்ர்ர்... கிர்ர்ர்... ரேக்கைச் சுரண்டினால் பொடியாகத்தான் வரும். இது சுருள் சுருளாக வந்தது. நகம் வெட்டினால் விழுமே, அதுபோல.

‘அ’ போயிற்று. பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார்.

‘க்’ பொன்னாகியிருந்தது. மேலே உள்ள புள்ளி உட்பட.

அக்காளைக் கைப்பேசியில் அழைத்தார். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை.

வீட்டுக்கு ஓடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மீதி எழுத்தும் நிறைந்துவிட்டால்? பெயர் முழுவதும் பொன்னாகிவிட்டால் அக்காள் இல்லை. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. அந்தத் தொழிலில் உள்ள எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

சுரண்டினார்.

கிர்ர்ர்...

காற்று நின்றுவிட்டது. தார்ப்பாய் அசையவில்லை. வயலில் தவளைகூடக் கத்தவில்லை. கத்தியின் சத்தம் மட்டும்.

‘ன’.

இந்த முறை அவர் கண்ணெதிரே நிறைந்தது. கீழிருந்து மேலாக... மதகு திறந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதுபோல.

“மாமா, வேணாம் மாமா... இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் மாமா...”

கத்தி வழுக்கி ஆழமாக இறங்கியது. அவர் நிறுத்தவில்லை.

‘ஸ்’.

பாதிதான் நிறைந்திருந்தது. அதற்குள் கத்தியை வைத்துவிட்டார். பலம் கொண்ட மட்டும் பெயர்த்தார்.

கிர்ர்ர்...

கிர்ர்...

நின்றது.

நான்கு எழுத்தும் சாம்பல் நிறம்.

காத்திருந்தார். தங்கம் திரும்ப வரவில்லை. தார்ப்பாய் மறுபடி படபடத்தது. மணி மூன்றே முக்கால். சகாயராஜ் அங்கேயே முழந்தாளிட்டு, அழுதுகொண்டே ஆண்டவருக்கு நன்றி சொன்னார். சோற்றுத் தூக்கை வாய்க்காலில் கழுவி எடுத்துக்கொண்டு, வரப்பில் நடந்தார். அக்காளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பு ஒன்றுதான் அப்போது அவர் மனத்தில் இருந்தது.

வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன.

அக்காளைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வந்து பார்த்த மருத்துவர், மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உயிர் பிரிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

தலைமாட்டில் அடுத்த வீட்டு கமருன்னிஸா உட்கார்ந்திருந்தார். கடைசிவரை கூடவே இருந்தவர் அவர்தான்.

“ரெண்டரை மணி வரைக்கும் சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு தம்பி. ‘என்னமோ திடீர்னு ஒடம்பு காத்தா இருக்குடி, பத்து வயசு கொறஞ்ச மாதிரி’ன்னுச்சு. அப்புறந்தான்... நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு, ‘யாரோ சுரண்டுறாங்கடி’ன்னு கத்த ஆரம்பிச்சுது. முந்தானைய வெலக்கிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லக்கான்னா கேக்கல. நெஞ்சுங்குது... தோளுங்குது... கழுத்துங்குது...”

“சொல்லுங்க” என்றார் சகாயராஜ்.

கமருன்னிஸா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“கடைசியா உன் பேரைத்தான் சொல்லிச்சு தம்பி. ‘கமரு, ஓடிப்போய் சகாயத்துக்கிட்ட சொல்லு... கத்தியக் கீழ போடச் சொல்லு’ன்னு.”