அரை மைல் வட்டம்

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கடை திறக்க நினைப்பவர்களுக்கு எந்த இடத்தில் திறந்தால் ஓடும் என்று வீடு வீடாக விசாரித்துச் சொல்வதுதான் தொழில். பி.ஏ. முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மேசை போட்டு உட்காரும் வேலை கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்காக மூன்று இடங்கள் பார்த்திருந்தார்கள். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒன்று, தி.நகரில் ஒன்று, அடையாறு பாலத்துக்கு அருகில் ஒன்று. மேனேஜர் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் காம்பஸால் அரை மைல் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இருப்பவர்கள் என்ன படித்திருக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள், எதை எங்கே வாங்குகிறார்கள் என்று நாங்கள் போய்க் கேட்க வேண்டும். பதிலை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஏ, பி, சி என்று எழுத்துப் போடுவோம். கத்திரிக்காயைப் பொறுக்கிப் பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரிக்கும் அந்தக் கேள்விப் பாரத்தை முதலில் படித்தபோதே வாய் கசந்தது.

அடையாறு வட்டத்தில் ஆற்றோரத் துண்டை மட்டும் மேனேஜர் பென்சிலால் அடித்து வைத்திருந்தார்.

"அங்க போக வேண்டாம்மா. காலி இடம்."

"காலி இல்ல சார். குடிசைங்க இருக்கு."

"கடைக்குக் காலிதாம்மா" என்று சிரித்தார்.

அந்தக் காலி இடத்தில்தான் என் வீடு. அவருக்குத் தெரியாது. வேலைக்கு விண்ணப்பித்தபோது தெரிந்தவர் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தேன். அந்தச் சிரிப்பு இரண்டு நாள் காதிலேயே நின்றது. எங்களையும் அந்தக் காகிதத்தில் ஏற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். கடை வந்தால் என் அம்மாவும் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாரத்தோடு எங்கள் வரிசைகளிலேயே இறங்கினேன்.

"இன்னா பாப்பா, பட்டா குடுக்கறாங்களா?"

"இல்லக்கா, கடை வருது."

"கடை வர்றதுக்கு நான் இன்னா ஷாம்பு போடறேன்னு எதுக்கு? என் ஊட்டுக்காரனே இத்தினி வருசத்துல கேட்டதில்ல!"

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்கள்.

மயிலாப்பூரில் கதை வேறு. கம்பிக் கதவைத் திறக்காமலே ஒரு மாமி சொன்னாள்: "மாசம் பொறந்தா லிஸ்ட் எழுதிக் குடுத்துடுவோம். செட்டியார் கடையிலேர்ந்து ஆத்துக்கே வந்துடும். கூடையைத் தூக்கிண்டு கடை கடையா அலையற வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது." பேசி முடித்ததும் நான் கை வைத்திருந்த கம்பியைத் துடைத்தாள். நான் படியிறங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அவள் வீட்டுக்கு 'ஏ' என்று எழுதினேன்.

பாரங்களைக் கூட்டிப் பார்த்தபோது விஷயம் தெளிவாகவே இருந்தது. ஏ வீடுகளில் பாதிக்குமேல் புதுக் கடைக்கு மாறப் போவதில்லை. ஆற்றோரத்துக்காரர்கள் தினமும் வாங்குகிறார்கள். சின்னப் பாக்கெட்டாக, கையில் காசு கொடுத்து. சொல்லாத இடத்துக்குப் போனதற்கு மேனேஜர் திட்டுவார் என்று பயந்தேன். அவரோ துள்ளிக் குதித்தார். "தங்கச் சுரங்கத்தக் கண்டுபிடிச்சிருக்கியேம்மா!"

அடையாறே முடிவானது. எங்கள் வரிசை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். கடை திறந்த அன்று, பெசன்ட் நகரில் வீட்டு வேலை முடித்து வந்த அம்மாவை நல்ல புடவை கட்டச் சொல்லிக் கூட்டிப்போனேன்.

கண்ணாடிக் கதவருகே வாட்ச்மேன் கையை நீட்டி அம்மாவை மறித்தான். எங்களுக்கு அடுத்த வரிசைக்காரன்தான்.

"அக்கா, நீ போ. அம்மா மட்டும் அந்தாண்ட சந்துப் பக்கம் போவட்டும்."

"எதுக்குடா?"

"ஆத்தோரத்து ஆளுங்களுக்கு அங்க சன்னல் வெச்சிக்கீறாங்க. சொன்னா கேளுக்கா, என் வேல பூடும்."

சந்துக்குள் போய்ப் பார்த்தேன். கம்பி போட்ட சன்னல். அதன் முன்னால், என் கேள்விகளுக்குச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்ன பெண்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் சாக்கடை. உள்ளிருந்த ஆள் முகத்தைப் பார்க்காமலே பாக்கெட்டைத் தள்ளினான்.

மறுநாள் மேனேஜரிடம் கேட்டேன். அவர் முகத்தில் கூச்சமே இல்லை.

"முன்னால ஒரு வியாபாரம், பின்னால ஒரு வியாபாரம். ரெண்டும் கலக்கக் கூடாது. உன் பாரத்துலேர்ந்து வந்த யோசனைதாம்மா!"

"அங்கதான் சார் என் வீடு."

ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. அடுத்த கடைக்கு வடபழனி குடிசைங்கள்லயும் நீயே போய்க் கேளு. உன்கிட்டன்னா அவங்க மனசு விட்டுப் பேசுவாங்க."

வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

"ஒரு சன்னலுக்கா வேலைய வுட்டே?" என்றாள் அம்மா.

"உனக்கு அருவருப்பா இல்லியா?"

"கீது. அதுக்கு? உன் ரோசத்துல தாளிக்க முடியுமா? அங்க எண்ண சுத்தமா கீதுடி."

அன்று சாயங்காலமும் சந்துப் பக்கம் போய் நின்று வாங்கி வந்தாள். அந்த எண்ணெயில் வறுத்த மீனை என் தட்டில் வைத்தாள். தின்றேன்.