நான் சொல்லாத பதினோராவது சட்டம்

பேய், பிசாசு, கனவு பலிக்கிறது, உதொண்டிலையும் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் விளையாட்டுப் பாடம் படிப்பிக்கிற ரீச்சர், கண்ணாலை கண்டதைத்தான் சொல்லுவன். நீர் சிரிச்சாலும் பரவாயில்லை, முழுசாக் கேட்டுட்டுச் சிரியும்.

எங்கடை பள்ளிக்கூடப் பொம்பிளைப்பிள்ளையள் இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நெடுந்தீவிலை மூண்டு நாள் பாசறைக்குப் போனனாங்கள், பெரியாக்கள் எண்டு நானும் இன்னொரு ரீச்சரும்தான். முதல் நாள் பின்னேரம் எல்லாரையும் நிலத்திலை இருத்தினன். பாசறைச் சட்டம் பத்தையும் நான் சொல்லச் சொல்ல அவையவை தங்கடை கொப்பியிலை எழுதவேணும். அச்சடிச்சுக் குடுத்தால் ஒருத்தரும் வாசிக்கமாட்டினம், கை நோக எழுதினால் கொஞ்சமாவது மண்டையிலை நிக்கும். போனைத் தரவேணும், சொல்லாமல் வெளியிலை போகக்கூடாது, கடலிலை தனிய இறங்கக்கூடாது, இப்பிடிப் பத்து. எழுதி முடிய ஒவ்வொரு கொப்பியிலையும் கடைசி வரிக்குக் கீழை கையெழுத்தும் திகதியும் போடுவன்.

அதிலை அபிஷா எண்டு ஒருத்தி, பதின்மூண்டு வயசு, சட்டம் எண்டால் உடைக்கத்தான் எண்டு நினைக்கிறவள். வந்த அண்டைக்கே போனைத் துவாய்க்குள்ளை ஒளிச்சுப் பிடிபட்டவள். அவளைத் தனிய வளர்க்கிற தாய், பஸ் வெளிக்கிடேக்கை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, "ரீச்சர், இவள் ஒரு இடத்திலை இராள், உங்களை நம்பித்தான் விடுறன்" எண்டவ.

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு எண்ணினால் ஒராள் குறையுது. ஆரெண்டு நான் கேக்கவே இல்லை. வெட்டை வெளியிலை திரியிற காட்டுக் குதிரையளைப் பாக்கப் போயிட்டாள் எண்டு ஒரு பிள்ளை அழுதழுது சொன்னாள். மற்ற ரீச்சரைப் பிள்ளையளோடை விட்டிட்டு, ஊர்ச் சனம் கடற்கரைப் பக்கம் தேட நான் வெட்டைப் பக்கம் ஓடினன். எங்கை பார்த்தாலும் ஒரே மாதிரிக் கல்வேலியும் பத்தைக் காடும், கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுப்போச்சு. அப்பத்தான் எனக்கு யோசனை வந்துது. பத்துச் சட்டம் சொன்னனான், வழி தெரியாமல் போனால் என்ன செய்யிறது எண்டு சொல்லேல்லையே! இவள் நடந்துகொண்டெல்லே இருப்பாள். ஒரு ஈ காக்கை இல்லாத இடத்திலை நிண்டு, "பிள்ளை, இருந்த இடத்திலையே இரு, நான் வருவன்" எண்டு வாய்விட்டு அழுதனான்.

நாலு மணி போல கண்டனான். இடிஞ்ச கல்வேலி ஒண்டிலை சாய்ஞ்சு, முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். அவளுக்கு முன்னாலை ரெண்டே அடியிலை கட்டு இல்லாத பாழுங்கிணறு, மேலை கொடி மூடிக் கிடக்கு. கட்டிப்பிடிச்சுக் குளறினன். போன உயிர் திரும்பி வந்தமாதிரி இருந்துது.

"எப்பிடியடி ஒரு இடத்திலை இருந்தனீ?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள் ரீச்சர், பதினோராவது சட்டம். மிச்சம் பத்தையும் கேக்காட்டிலும் இதை மட்டும் கேள் எண்டு."

வெயில் தலைக்கு அடிச்சிட்டுது எண்டு நினைச்சன். திரும்பி வந்து கொப்பியை எடுத்துக் காட்டினாள். நம்பினால் நம்பும், பத்துக்குக் கீழை பதினொண்டு, அவளின்ரை கோணல் எழுத்திலை: வழி தெரியாமல் போனால் இருந்த இடத்திலையே இரு, நான் வருவன். அதுக்கும் கீழை என்ரை கையெழுத்து, முதல் நாள் திகதியோடை. மற்ற இருபத்தொரு கொப்பியையும் விரிச்சுப் பார்த்தனான், எல்லாத்திலையும் பத்துத்தான்.

அவளைத் தாயின்ரை கையிலை முழுசாக் குடுத்திட்டன், எனக்கு அதுவே போதும். அண்டைக்கு வந்த நிம்மதி இண்டைக்கும் இருக்கு. இப்ப எல்லாப் பாசறையிலையும் பதினொண்டு சொல்லுறன். ஆனால் கையெழுத்து வைக்கமுதல் ஒவ்வொரு கொப்பியிலையும் கடைசி வரியை விரலாலை தொட்டு எண்ணிப் பார்ப்பன். ஆரின்ரையாவது கொப்பியிலை நான் சொல்லாத பன்னிரண்டாவது இருந்திடுமோ எண்டு பயம்.