எங்கள் வீட்டு சர்வே நம்பர்

1. கேட்டு வாங்கிய இடம்

வேளாண்மைத் துறையில் முப்பது வருடம் உதவி அலுவலராக இருந்தேன். கடைசி நாலரை வருடம் எம்.ரெட்டியபட்டிப் பக்கம். அந்த இடத்தை நானே கேட்டு வாங்கினேன். கணவர் இறந்துவிட்டார். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். கணவரின் சொந்த ஊரில் வீடு இருந்தது. அதே காம்பவுண்டில் அவருடைய அண்ணன் பாலுச்சாமி அத்தானின் குடும்பம் இருந்தது. ராத்திரி விளக்கைப் போட்டால் பக்கத்தில் ஒரு குரல் கேட்கும் என்பதற்காகத்தான் அங்கே போனேன்.

அந்த ஊரும் என் எல்லைக்குள்தான் வரும். நிலம் இன்னும் பிரிக்கவில்லை. கூட்டுப் பட்டா. கணவரின் பங்குக்கு இப்போது நான்தான் வாரிசு. நாம் வேலை பார்க்கும் எல்லைக்குள் நமக்கு நிலம் இருந்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியும். சொன்னால் வேறு பக்கம் மாற்றிவிடுவார்கள் என்று பயந்தேன். சேர்ந்த அன்று சொல்லவில்லை. அப்புறம் மூன்று வருடம் சொல்லாமலே ஓடிவிட்டது.

2. அறுப்புச் சோதனை

பயிர்க் காப்பீட்டில் ஒவ்வொருவர் காட்டையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஊருக்கு நாலு சர்வே நம்பரைக் கம்ப்யூட்டர் ரேண்டமாக எடுத்துக் கொடுக்கும். அந்த நாலு காட்டிலும் அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை அறுத்து, எடை போட வேண்டும். நாலின் சராசரி ஒரு அளவுக்குக் கீழே போனால் ஊர் முழுவதற்கும் இழப்பீடு உண்டு. மேலே நின்றால் யாருக்கும் கிடையாது. கயிறு கட்டி அறுப்பது என் வேலை. காப்பீட்டுக் கம்பெனி ஆள் கூட நின்று பார்ப்பார்.

அந்த வருடம் ஐப்பசியில் பெய்த மழையை நம்பி எல்லோரும் மக்காச்சோளம் போட்டார்கள். கார்த்திகையோடு மழை நின்றுவிட்டது. கதிர் வந்தது, மணி பிடிக்கவில்லை.

தை மாதம் நாலு நம்பர் வந்தது. ஒன்று பாண்டியம்மாவின் காடு. ரெண்டு பசுமாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைப்பவர் அவர். இன்னொன்று எங்கள் காடு.

நாலு பேரிடமும் போய், சோதனை முடியும்வரை ஒரு சோளத் தட்டையைக்கூட வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் அத்தான் வாசலுக்கு வந்தார்.

"ஏத்தா, நம்ம நம்பரு விழுந்திருக்காம்ல?"

"ஆமா அத்தான்."

"அப்ப ஊருக்கே கவலையில்ல. நீ பாத்துக்கிருவ."

அவர் என்னைத் தப்புச் செய்யச் சொல்லவில்லை. அதைவிடக் கஷ்டமாக, என்னை நம்பிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தனியாகக் காட்டுக்குப் போனேன். தென்மேற்கு மூலையிலிருந்து, கொடுத்த எண்ணிக்கைப்படி காலடி வைத்துப் போய்த்தான் இடம் பிடிக்க வேண்டும். சும்மா நடந்து பார்த்தேன். கொஞ்சம் குட்டையாக எட்டு வைத்தால் கயிறு காய்ந்து நின்ற திட்டில் விழும். நீட்டி வைத்தால் ஓரளவு தேறி நின்ற பக்கம் போய்விடும். திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் குட்டையாகவே வைத்து வந்திருந்தேன். யாரும் சொல்லாமல், நானும் நினைக்காமல், என் கால் அதைச் செய்திருந்தது.

நேரே பஸ் ஏறி ஆபீசுக்குப் போனேன்.

3. ஏ.டி. அறையில்

உதவி இயக்குநரை நாங்கள் ஏ.டி. என்போம். நல்ல மனிதர். எங்கள் நிலம் என் எல்லைக்குள் இருக்கிறது, இந்த அறுப்புக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று நான் எழுதியிருந்த கடிதத்தைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"நாளான்னைக்கு அறுப்பு. இப்ப வந்து சொல்றீங்களேம்மா. மூணு வருசமா இங்கதான இருக்கீங்க?"

"தப்புதான் சார்."

"யாருக்கும்மா நெலமில்ல? எனக்கும் எங்க ஊர்ல கெடக்கு. பேசாமப் போயி அறுத்துட்டு வாங்க. கம்பெனி ஆளுதான் கூட நிக்கிறாரே."

"அவரு நிப்பாரு சார். எட்டு வச்சுப் போறது நான்தான."

 அவர் கடிதத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"எழுதிக் குடுத்தா நான் வாங்கித்தான் ஆகணும். ஆனா எல்லாப் பக்கமும் அறுப்பு நடக்குது. வேற ஆள் வர நாளாகும். அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

என்னை இடம் மாற்றவில்லை, அந்த ஊர் அறுப்புக்கு மட்டும் வேறு ஆள் என்றார்கள். அவர் வரப் பன்னிரண்டு நாள் ஆனது.

முதல் நான்கு நாள் ஊர் பொறுத்தது. பிறகு பாண்டியம்மா என் வீட்டுக்கு வந்தார். "எப்பம்மா வருவாக? தட்டை காட்டுல நிக்கிது, மாடு ரெண்டும் பட்டினியாக் கத்துது."

"ரெண்டு நாள்ல வந்துருவாங்க" என்றேன். எனக்கே தெரியாது. மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை அவர் வரவில்லை. காட்டை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் பலர் வெட்டினார்கள். குறித்திருந்த நாலில் இன்னொரு காடும் அப்படிப் போனது.

4. நசீர் வந்த நாள்

எனக்குப் பதிலாக நரிக்குடியிலிருந்து நசீர் வந்தார். வீரசோழன் ஊர்க்காரர். என்னைவிட ரொம்பச் சின்னவர், வேலையில் சுத்தம். நான் காட்டுப் பக்கமே போகவில்லை. வெட்டிவிட்ட ரெண்டு காட்டுக்குப் பதிலாகப் பட்டியலில் அடுத்திருந்த ரெண்டு நம்பரை எடுக்க வேண்டும் என்பது விதி. அந்த ரெண்டும் கண்மாய்க் கரையை ஒட்டியவை. ஊரிலேயே அங்கே மட்டும்தான் கதிர் ஓரளவு திரண்டிருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நசீரைப் பார்த்தேன்.

"அக்கா, ரூல்படிதான் செஞ்சேன்."

"தெரியும் தம்பி."

"மேட்டுக்காட்டுல பூராம் வெட்டிட்டாங்க. நல்லா நின்னதுதான் மிச்சம் நிக்கிது. ஒரு வாரம் முன்ன வந்திருந்தா எடை வேற மாதிரி வந்திருக்கும்கா."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார். நான் அங்கேயே நின்றேன்.

சராசரி அந்த அளவைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. இழப்பீட்டுப் பட்டியல் வந்தபோது எங்கள் ஊர்ப் பெயர் அதில் இல்லை.

5. ஒரே காம்பவுண்டில்

அத்தான் என்னைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்தினார். என் காதில் விழும்படி ஒரே ஒரு தடவை சொன்னார்: "அவுகளுக்கு உத்தியோகம்தான் பெருசு." நேற்றுவரை 'ஏத்தா' என்று கூப்பிட்டவர் என்னை 'அவுக' என்றார். அத்தானின் மனைவி, என் ஓரகத்தி அக்கா, சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் நீட்டுவது நின்றது. ஷேர் ஆட்டோவில் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடும். விதை, மருந்து விவரத்துக்குக்கூட ஆபீசுக்குப் போய்க் கேட்டார்களே தவிர என்னிடம் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் டி.வி.யைப் போட்டு வைத்துவிட்டுச் சமைப்பேன். பார்ப்பதற்கு அல்ல. யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

ஊரின் கோபத்தில் பாதி என் மேல். மீதிப் பாதி பாண்டியம்மா மேல். "ரெண்டு மாட்டுக்காக ஊரு பொழப்பக் கெடுத்தவ" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் வெட்டாமல் இருந்திருந்தால் மற்றவர்களும் பொறுத்திருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

எனக்கு உண்மை தெரியும். அவரைக் காக்க வைத்தது நான். சேர்ந்த அன்றே எழுதியிருந்தால் அந்த ஊருக்கு மட்டும் முதலிலேயே வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். குறித்த தேதியில் கயிறு கட்டியிருப்பார்கள். ஆனால் ஊர் அவரைப் பழித்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. 'நேர்மையாக எழுதிக் கொடுத்தாள், அதனால் ஊர் ஒதுக்கியது' என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். தனியாக இருப்பவளுக்கு அந்தக் கதை பெரிய துணை. அதை விட மனம் வரவில்லை.

6. பாண்டியம்மா வீட்டில்

ஒன்றரை வருடம் கழித்து ஓய்வு பெற்றேன். மறு வாரம் பாண்டியம்மா வீட்டுக்குப் போனேன். கறந்த பாலை அளந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். சேர்ந்த அன்று மறைத்தது, காலடி வைத்துப் பார்த்தது, ரெண்டு நாள் ரெண்டு நாள் என்று தெரியாமலே சொன்னது, எல்லாம்.

அவர் பால் கேனை மூடினார்.

"அப்ப நான் வெட்டுனதால போகலயா?"

"நீங்க வெட்டும்படி ஆனதே என்னாலதான்."

"நீங்க சொல்லித்தான நான் பொறுத்துக் கெடந்தேன். மாடு கத்துறதக் கேட்டுக்கிட்டு."

"ஆமா."

 பாண்டியம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "போன பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுக்கப் பேரு குடுக்கப் போனேன். 'மாட்டுக்குப் போட்டது பத்தாதா, சாமிக்கு வேறயா'ன்னு ஒருத்தி கேட்டா. திரும்பி வந்துட்டேன். இத அப்பவே சொல்லியிருந்தீகன்னா நான் கோயிலுக்குப் போயிருப்பேம்மா."



அடுத்த கிராம சபையில் எழுந்து, ஊருக்கு முன்னால், பாண்டியம்மாவிடம் சொன்னதையே சொன்னேன்.  அத்தான் பாதியில் எழுந்து போனார்.

இதைப் படிக்கும் சின்ன வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சொந்த நிலமோ சொந்தக்காரர்களோ நம் கோப்புக்குள் வருவது குற்றமில்லை. அதை எழுதிக் கொடுப்பதும் தியாகமில்லை, வேலையில் சேரும் அன்று கொடுக்கும் ஜாயினிங் ரிப்போர்ட்டோடு வைக்க வேண்டிய இன்னொரு தாள், அவ்வளவுதான். கடைசி நாளில் எழுதினால் நம் பெயர் சுத்தமாக இருக்கும், அதற்கான விலையை வேறு யாராவது கொடுப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் நமக்கு எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க முடியாதவர்களாக இருப்பார்கள்.

அடுத்து வந்த பங்குனியில் பாண்டியம்மா முளைப்பாரி எடுத்தார். ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. நான் ஜன்னலருகே நின்று பார்த்தேன். ஓரகத்தி அக்கா அவர் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை.