திருவிழாவில் தலை குனிந்த பாதிரி

மெனோர்கா தீவில் பெர்னாட் என்றொரு பால்பண்ணைக்காரர். பொறுமைசாலி என்று ஊரில் பெயரெடுத்தவர். பாதிரி பண்ணைக்கு வந்து சேரும்வரை அந்தப் பெயர் நிலைத்தது.

பாதிரி ஒரு இளங்குதிரை. அங்கி போர்த்தியதுபோல உடம்பெல்லாம் கறுப்பு. அதனால் அந்தப் பெயர். அடக்கம், பணிவு போன்ற மற்ற லட்சணங்கள் இல்லை.

புனித யோவான் திருவிழாவில் குடியானவர்கள் சார்பாகக் குதிரையேறும் உரிமை அந்த வருஷம் பெர்னாட்டுக்குக் கிடைத்திருந்தது. அவர் அப்பா ஆசைப்பட்டே செத்துப்போன உரிமை அது. சதுக்கத்தை முழுதாகச் சுற்றி வராவிட்டால் உரிமை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள், சித்தப்பா மகன் நோஃப்ரே. அவன் இப்போதே கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டான்.

ஏறுவதற்கு முன்னால் தரையில் பழக்க வேண்டும். கயிறு பிடித்து நடத்துவது, நிறுத்துவது, பின்வாங்கச் செய்வது. யார் யாருடைய காலை நகர்த்துகிறார்கள் என்பதுதான் இதில் பரீட்சை. பாதிரி முதல் வாரமே தேறிவிட்டது. அது ஓரடி வைத்தால் பெர்னாட் ஈரடி விலகினார்.

பாலாடைக்கட்டி அறையிலிருந்து மனைவி ஆகெதா எட்டிப் பார்த்தாள்.

"பெர்னாட், நல்லாத்தான் பழகிட்ட. இன்னும் கொஞ்சம் பின்னால போ, அதுக்கு நிழல் வேணுமாம்."

"வாயை மூடிட்டு உள்ள போடி! நானே வெறுத்துப் போய் நிக்கிறேன்."

அன்று அவர் சட்டைப்பையில் ஆகெதா ஓடு உடைத்து வைத்திருந்த ஹேசல் கொட்டைப் பருப்பு கொஞ்சம் கிடந்தது. எரிச்சலில் ஒன்றைக் கீழே விட்டெறிந்தார். பாதிரி தலையைத் தாழ்த்தி எடுத்துத் தின்றுவிட்டு, சாதுவாக அவரைப் பார்த்தது.

பெர்னாட்டுக்கு ஞானம் பிறந்தது. குளிர்காலம் முழுக்கத் தகரம் தட்டினார், மேளம் அடித்தார், கொடி ஆட்டினார். சத்தம் கேட்டு மிரளாமல் தலை குனிந்தால் தரையில் ஒரு ஹேசல். வசந்தத்தில் சேணம் ஏறியது. திருவிழாவில் மேளத்துக்குக் குதிரைகள் எழுந்து நிற்க வேண்டும்; அமைதியான முற்றத்தில், சொன்ன மாத்திரத்தில் முன்னங்கால்களைத் தூக்கியும் காட்டியது. பெர்னாட் மறுபடி பொறுமைசாலி ஆனார்.

புனித யோவான் திருவிழாவில் ஊரே ஒருவர்மேல் ஒருவர் ஹேசலை ஓட்டோடு அள்ளி எறிந்து விளையாடும். சதுக்கத்தில் கணுக்கால் புதையக் கிடக்கும். விவரம் தெரிந்த நாள் முதல் பெர்னாட்டும் மூட்டை மூட்டையாக எறிந்தவர்தான். அது அவர் நினைவுக்கு வந்தபோது பாண்டு தொடங்கிவிட்டது.

மற்றக் குதிரைகள் எல்லாம் முன்னங்காலைத் தூக்கி எழுந்தன. பாதிரி, படித்த பாடம் மறக்காத மாணவனாக, தலை குனிந்தது. ஒவ்வொன்றாக ஓட்டை உடைத்து நிதானமாகத் தின்றது. மேளம் உரக்க ஒலிக்க ஒலிக்கத் தலை இன்னும் தாழ்ந்தது. பெர்னாட் குதிகாலால் இடித்தார், கெஞ்சினார், புனித யோவானையே திட்டினார்.

"பாதிரியார் ஜெபம் பண்றாரு, தொந்தரவு பண்ணாதீங்க!" என்றது கூட்டம். கூடவே இன்னும் நாலு கை அள்ளி எறிந்தது.

"அண்ணே, இறங்கிடுங்க. கோட்டு ரெடியா இருக்கு" என்றான் நோஃப்ரே.

அப்போது ஆகெதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கையில் கடையில் வாங்கிய சர்க்கரை பூசிய ஹேசல் பொட்டலம். உடைக்கும் வேலை இல்லாத சரக்கு. பாதிரி நிமிர்ந்தது.

"வாடா என் ராசா" என்றாள் அவள். புருஷனை அவள் அப்படிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "பெர்னாட், நீ இறங்காத. நேரா உக்காரு, தொப்பியைக் கழட்டி எல்லாருக்கும் வணக்கம் சொல்லு."

அவள் பின்னோக்கி நடக்க, குதிரை பின்தொடர, சந்தை ராட்டினத்துக் குழந்தைபோல பெர்னாட் சதுக்கத்தைச் சுற்றி முடித்தார். உரிமை கைநழுவாமல் தப்பியது. யார் காலையும் மிதிக்காத முதல் குதிரை என்று தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிவந்து அதைத் தொடவைத்தார்கள்.

மறுநாள் காலை பெர்னாட் சட்டைப்பையைக் கவிழ்த்து உதறினார்.

"இனிமே கேரட்தான்!"

"அதை முதல்ல அதுகிட்டச் சொல்லு" என்றாள் ஆகெதா.

பாதிரி ஓரடி எடுத்து வைத்தது. பெர்னாட் ஈரடி விலகினார்.