மேல்வீட்டுக்காரர் பத்து மணிக்கு இறங்கினார்

கட்டுமானத் தளத்தில் அவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கோபுர கிரேனின் உச்சியில், தரையிலிருந்து நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கேபின்தான் அவருடைய வேலையிடம். காலை ஏழு மணிக்கு ஏறினால் மாலை ஐந்தரைக்குத்தான் இறங்குவார். "வாடகை கிடையாது, பக்கத்து வீட்டுத் தொல்லை கிடையாது, காத்து மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கோபுரத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் இரும்பு ஏணியில் நூற்றைம்பது படிகள். ஏறப் பன்னிரண்டு நிமிடம், இறங்க எட்டு நிமிடம். மேலே உட்கார ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், காற்றின் வேகம் காட்டும் ஒரு பெட்டி, வாக்கி டாக்கி. கழிப்பறை கிடையாது. சில ஆபரேட்டர்கள் காலி பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுபோவார்கள். அவருக்கு அது சரிப்படவில்லை. எதிரே பதினோராவது மாடியில் கம்பி கட்டுகிற இருபது பேர் எந்நேரமும் இவர் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்கள்.

அதனால் அவர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். விடியற்காலையில் அரை தம்ளர் டீ. அதற்குப் பிறகு மதியம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கேபினிலேயே சாப்பிட்டு முடித்ததும் தொண்டை நனைய இரண்டு மடக்கு. அவ்வளவுதான். பதினெட்டு வருடமாக இப்படித்தான். எனக்காக ஒரு லோடும் காத்திருந்ததில்லை என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை.

கீழே நின்று வாக்கியில் அவருக்கு வழி சொன்னவர் சிக்னல் அக்கா. ஊருக்கெல்லாம் அக்கா, மேல்வீட்டுக்காரருக்கு மட்டும் தங்கச்சி. சுவருக்கு அந்தப் பக்கம் லோடு இறங்கும்போது மேலிருந்து ஒன்றும் தெரியாது. அந்தக் குரல் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்வதுதான் அவருக்குக் கண். பத்து மாதமாக இருவரும் ஒன்றாக வேலை செய்தார்கள். நாளெல்லாம் பேசினாலும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம்.

அந்த வருடம் அவருக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. மதியத்துக்கு மேல் பின்மண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருக்கும். கோபமும் கூடியது. கொக்கியில் சங்கிலியை மாட்டுவதற்கு ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டவரை வாக்கியில் வாய்க்கு வந்தபடி திட்டினார். வீட்டில் மனைவி பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் கொடுப்பவர். அந்தத் தையல் மெஷின் சத்தம் பொறுக்காமல் ஒருநாள் இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை நடந்த வருடாந்திர உடல் பரிசோதனையில் டாக்டரம்மா இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்தார். ஐந்து நிமிடம் உட்கார வைத்து மூன்றாவது முறையும் பார்த்தார்.

"நூத்தி அம்பத்தெட்டு, நூறு. இப்படி இருந்தா கிரேன் ஏறத் தகுதின்னு நான் கையெழுத்துப் போட முடியாது."

"அப்படின்னா?"

"மூணு வாரத்துக்குத் தற்காலிகமா எழுதித் தரேன். தினம் காலைல ஒரு மாத்திரை. உப்பைக் குறைங்க, நடங்க, நல்லாத் தூங்குங்க. மூணு வாரத்துல குறையலைன்னா மேல ஏற முடியாது."

மேலே ஏற முடியாது என்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். போன வருடம் கண்பார்வை குறைந்த இன்னொரு ஆபரேட்டரைச் சிமெண்டு கிடங்கில் உட்கார வைத்தார்கள். அந்த மனிதர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கிரேன் திரும்பும் போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பார். அந்தப் பார்வையை இவர் மேலிருந்து பார்த்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறினார். அது நீர் பிரிய வைக்கிற மாத்திரை. டாக்டரம்மா சொல்லியிருந்தார், அவர் காதில் விழுந்தது மூன்று வாரம் என்ற சொல் மட்டும்தான். ஒன்பது மணிக்குள் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். ஒன்பதரைக்குத் தூணுக்கு வார்ப்புப் பலகை இறக்கும்போது கை அவசரப்பட்டது. அரை டன் பலகை ஒரு முழம் தள்ளி ஆடியது.

"அண்ணே! நிறுத்துங்க, நிறுத்துங்க!" வாக்கியில் சிக்னல் அக்காவின் குரல் கிழிந்தது. "என்ன அவசரம்? கீழ ஆளுங்க நிக்கறாங்க!"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வரை பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு லோடையும் வழக்கத்தைவிட மெதுவாக இறக்கினார். இறங்கி வரும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மாத்திரை ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் விடியற்காலை டீயையும் நிறுத்திவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

பன்னிரண்டாம் நாள் மாலை மனைவி மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

"பன்னெண்டு நாள்ல ரெண்டுதான் போயிருக்கு. என்னங்க, இந்த மாத்திரைக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் டியூட்டியா?"

அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"அதைப் போட்டா அடிக்கடி போகணும். மேல எங்க போறது?"

மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"பொம்பளை டாக்டர். எப்படிச் சொல்றது?"

"ஏன், அவங்களுக்கு மட்டும் வராதா?"

"நீ வேற."

"பலகை ஆடினதை எங்கிட்ட சொல்லல, தளத்துல வேலை பாக்கறவங்க சொல்லித்தான் தெரியும். தலைவலியைச் சொல்லல. மெஷின் சத்தம்னு என் மேல எரிஞ்சு விழுந்தீங்க. நான் என்னவோ என்மேலதான் கோபம்னு நினைச்சு, நீங்க வரதுக்குள்ள தைச்சு முடிக்கணும்னு மதியம் சாப்பிடாமத் தைக்கறேன், தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"டாக்டர்கிட்ட. நீயும் வா. சொல்ல வேண்டியதை நீ சொல்லு."

கடைசியில் அவரேதான் சொன்னார், மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்தபடி. டாக்டரம்மா திட்டவில்லை. பரிசோதனையன்று சிறுநீர் சோதித்த தாளை எடுத்துக் காட்டினார். தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோன உடம்பு, சிறுநீரகம் கஷ்டப்படத் தொடங்கியிருக்கிறது, தலைவலிக்கும் எரிச்சலுக்கும் அதிலும் பங்கு இருக்கும் என்றார்.

"மாத்திரையை மாத்தித் தரலாம். இது அடிக்கடி போக வைக்காது. ஆனா தண்ணிக்குப் பதிலா குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லை. காலைல ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல ஒரு தடவை கீழ இறங்குங்க. இறங்கறதுக்கும் சேர்த்துக் குடிங்க."

"அங்க அப்படி யாரும் இறங்கறதில்லைங்க."

"யாராவது விட மாட்டேன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தார். அப்படி யாரும் சொல்லவில்லை. அவர் யாரையும் கேட்டதே இல்லை.

இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.

மறுநாள் காலை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு ஏறினார். மனைவி பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருந்தார்: பத்து மணிக்குள் இதுவரை. ஒன்பதே முக்காலுக்குக் கோட்டைத் தாண்டிக் குடித்தாகிவிட்டது. இனிக் கேட்க வேண்டும். வாக்கியில் ஒருவர் பேசினால் தளத்தில் உள்ள நாற்பது பேருக்கும் கேட்கும். பொத்தானை அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார், விட்டார்.

"அண்ணே, லைன்ல கரகரன்னு கேக்குது. ஏதாவது சொல்றீங்களா?"

"கொக்கி காலி. நான் கீழ எறங்கணும்."

தளத்து இன்ஜினியரின் குரல் வந்தது.

"என்ன ஆச்சு? கிரேன்ல கோளாறா?"

"கிரேன் நல்லாத்தான் இருக்கு சார். எனக்குத்தான்."

"உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லை. ஒண்ணுக்குப் போகணும்."

பதினோராவது மாடியிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு மாடியாக இறங்கியது.

"கான்கிரீட் லாரி கேட்டுக்கு வந்தாச்சு. பதினெட்டு வருஷமா வராதது இன்னைக்குன்னு பாத்து வருதா?"

"பதினெட்டு வருஷமாவும் வந்துக்கிட்டுத்தான் சார் இருந்துச்சு. நான்தான் சொல்லல."

சொல்லி முடித்தபோது தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது தெரிந்தது. மூச்சை விட்டுத் தோளை இறக்கினார். கொக்கியை மேலே தூக்கினார், காற்றுக்குக் கிரேன் தானாகத் திரும்பும்படி பூட்டை விடுவித்தார், கேபினைச் சாத்திவிட்டு ஏணியில் கால் வைத்தார். வேலைக்கு நடுவில் அந்தப் படிகளை அவர் இறங்கியது அதுதான் முதல் தடவை.

கீழே சிலர் கைதட்டினார்கள். "வாங்க, வாங்க, மேல்வீட்டுக்காரரே, தண்ணி வரலையா?" என்றார் ஒருவர். அவர் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று கேட்டோரம் இருந்த கழிப்பறைக்கு நடந்தார். திரும்பி வரும்போது பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு சிக்னல் அக்கா வெளியே வந்தார்.

"ரொம்ப நன்றிண்ணே."

"எனக்கு எதுக்கு நன்றி? லாரியை நிக்க வெச்சுட்டு வந்திருக்கேன்."

"உங்க லோடு காத்துல இருக்கறப்ப நான் எங்க போறது? ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. நீங்க இறங்கினாத்தான் எனக்கு விடுதலை. பத்து மாசமா நானும் மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்கறதில்லை."

அவர் நின்றுவிட்டார்.

"ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து லீவு போட்டேனே, என்னன்னு நினைச்சீங்க? உறவுக்காரங்க கல்யாணம்னா?"

அந்த நாட்கள் அவருக்கு நினைவிருந்தன. புது ஆளுக்கு வழி சொல்லத் தெரியவில்லை என்று நாளெல்லாம் முணுமுணுத்திருந்தார். மறுநாள் சிக்னல் அக்கா வந்ததும், "லீவு நல்லாப் போச்சா?" என்று வேறு கேட்டிருந்தார்.

"ஏன் தங்கச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட? ஒரு லோடும் எனக்காகக் காத்திருந்ததில்லைன்னு தினம் பெருமையடிக்கறவர்கிட்டயா?"

ஏணியில் திரும்ப ஏறிய பன்னிரண்டு நிமிடமும் அதையே நினைத்துக்கொண்டு ஏறினார். தன் உடம்பைத்தான் வருத்திக்கொள்கிறோம், அதில் மற்றவர்களுக்கு என்ன என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். தையல் மெஷினுக்கு முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர். கீழே வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றவர் இன்னொருவர்.

மதியம் மறுபடியும் இறங்கினார், இந்த முறை சாப்பாட்டு நேரத்தில். சிக்னல் அக்காவையும் கூட்டிக்கொண்டு நேராக இன்ஜினியரின் அறைக்குப் போனார். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் அடுத்த வாரத்துக்கான கான்கிரீட் லாரி நேரங்கள் எழுதியிருந்தன.

"தினமும் பத்து மணிக்கும் மூணு மணிக்கும் அரை மணி நேரம் கிரேன் நிக்கும் சார்" என்றார்.

"லாரி உங்களுக்காக நிக்காதுங்க. நேரம் போனா கான்கிரீட் இறுகிடும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் சார். அதனாலதான் முன்கூட்டியே சொல்றேன். பத்து மணிக்கு வரதைப் பத்தரைக்கு வரச் சொல்லுங்க."

"உங்க ஒருத்தருக்காக நான் எல்லாத்தையும் மாத்தணுமா?"

"ரெண்டு பேருக்காக. இவங்க நின்னா என் கண்ணு போச்சு. என் கை நடுங்கினா கீழ இருக்கற உங்க ஆளுங்க போச்சு. போன வாரம் பலகை ஆடிச்சே, அது இதனாலதான்."

இன்ஜினியர் முகம் மாறியது. பலகை ஆடியதற்குக் காற்று என்று அவர் பதிவேட்டில் எழுதியிருந்தார். மேஜையில் ஆறிக்கொண்டிருந்த டீயை ஒரு பார்வை பார்த்தார். காலையிலிருந்து அது அவருக்கு மூன்றாவது. துணியை எடுத்துப் பலகையில் இரண்டு வரிகளை அழித்தார்.

"சொல்றதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அதைத்தான் சார் வீட்லயும் சொல்றாங்க."

அன்றிலிருந்து நாட்கள் ஒரு மாதிரி சீராயின என்று சொல்லலாம். முழுக்க என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் மழைக்காற்று, ஒருநாள் லாரி முன்கூட்டியே வந்து பெரிய ரகளை. அன்று பத்தரை மணிக்கு ஒருவரைக் கடுமையாகத் திட்டிவிட்டு, மூன்று மணிக்கு இறங்கியபோது அந்த ஆளைத் தேடிப்போய்ப் பேசினார். மாலையில் மனைவியோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். இருவருக்கும் பேச அவ்வளவாக விஷயம் இல்லாததால் முதல் இரண்டு நாள் சும்மா நடந்தார்கள். மூன்றாம் நாள் மனைவி பைக்கு ஜிப் வாங்கிய கடையில் நடந்த சண்டையை நடித்துக் காட்டினார். உப்புக் குறைந்த சாப்பாடு பற்றி அவருக்குப் புகார் இருந்தது. ஆனால் தலைவலி ஆறாம் நாள் வரவில்லை; ஏழாம் நாளும் வரவில்லை.

இருபத்தோராம் நாள் டாக்டரம்மா கைப்பட்டையைச் சுற்றினார். "பேசாதீங்க, காலை மடக்காதீங்க" என்றார். பட்டை இறுகித் தளர்ந்தது. மனைவி இயந்திரத்தின் எண்களை எட்டிப் பார்த்தார்.

"நூத்தி முப்பத்தாறு, எண்பத்தாறு" என்றார் டாக்டரம்மா. "பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கணும். ஒரு வருஷத்துக்குத் தர மாட்டேன், ஆறு மாசத்துக்குத் தரேன். மாத்திரையை நிறுத்தினா உடனே எங்கிட்ட சொல்லணும், அட்டையைப் பாத்து வீட்ல கண்டுபிடிக்கற மாதிரி வெச்சுக்கக் கூடாது."

"இனிமே அட்டை எங்கிட்டதான் டாக்டர்" என்றார் மனைவி.

அன்று அரை நாள் விடுப்பு. மதியம் தளத்துக்குப் போனபோது சிக்னல் அக்கா நிழலில் உட்கார்ந்து, வாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேல்வீட்டுக்காரர் சான்றிதழை நீட்டினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பெயரையும் முத்திரையையும் விட்டுவிட்டு நேராகத் தேதியைப் பார்த்தார்.

"ஆறு மாசமா? அப்ப ஆறு மாசத்துக்கு நானும் தப்பிச்சேன்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பெரிய தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, உட்கார்ந்தபடியே பாதியைக் குடித்தார்.